மனந்திரும்புதலும் பிள்ளை மனமும்: விளக்கம் சொல்ல உதவி வேண்டும்

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். பெரியவர்களுக்கான வேதபாட வகுப்பில் மத்தேயு 18:1-4 பகுதியை நடத்தும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருப்பதால், ஒரு காரியத்தில் உங்கள் ஆலோசனையை வேண்டுகிறேன். பரலோகராஜ்யத்தில் எவன் பெரியவன் என்று கேட்ட சீஷர்களின் நடுவே இயேசு ஒரு பிள்ளையை நிறுத்தி, மனந்திரும்பிப் பிள்ளைகளைப்போல் ஆகாவிட்டால் அதில் பிரவேசிக்கவே முடியாது என்கிறார். பிள்ளைகள் பாவமற்றவர்கள் என்பதால் அப்படிச் சொன்னார் என்னும் வழக்கமான விளக்கம் எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. அடுத்த வசனத்திலேயே அவர் தாழ்மையைத்தான் குறிப்பிடுகிறார். லூக்கா 18-ஆம் அதிகாரத்திலோ, தன் உபவாசத்தையும் தசமபாகத்தையும் எடுத்துரைத்த பரிசேயனுக்கு (வேதச் சட்டத்தைக் கண்டிப்பாய்க் கைக்கொண்ட யூதப் பிரிவினன்) எதிரே, கண்களை வானத்துக்கு ஏறெடுக்கவும் துணியாமல் மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரனின் (வரி வசூலிப்பவனின்) உவமை முடிந்தவுடனேயே, குழந்தைகளை இயேசுவிடம் கொண்டுவரும் நிகழ்ச்சி வருகிறது. காட்டுவதற்குத் தகுதி ஏதுமின்றிப் பெற்றுக்கொள்ளும் நிலையே இவ்விரண்டையும் இணைக்கிறது என்பது என் கருத்து.

ஆனால், தகுதி எதுவும் வேண்டாம் எனில் பாவத்தை விட்டு விலகும் முயற்சிக்கு என்ன இடம் என்று வகுப்பில் நிச்சயம் கேட்பார்கள். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய் (நான்கு மடங்காய்த்) திருப்பித் தருவதாக ஆயக்காரர் தலைவனான சகேயு சொன்னதை (லூக்கா 19:8), மன்னிப்பின் விலையாக அல்லாமல் அதன் கனியாக விளக்கலாமா? மேலும், துர்க்குணத்திலே குழந்தைகளாயிருக்கச் சொல்லும் பவுல், புத்தியிலே தேறினவர்களாயிருக்கவும் சொல்வதால் (1 கொரிந்தியர் 14:20), தாழ்மையை அறியாமையோடு குழப்பாமல் எடுத்துச்சொல்ல உதவும் வேதபகுதிகளைத் தெரிவித்தால் நன்றியுள்ளவனாயிருப்பேன். தாயின் பால்மறந்த குழந்தையைப்போல் அமர்ந்த ஆத்துமாவைப் பாடும் சங்கீதம் 131-ஐ ஏற்கெனவே சேர்த்திருக்கிறேன்.