ஜெர்மனியில் நின்றிருந்த காரை உரசிவிட்டேன், உடனே என்ன செய்ய வேண்டும்?

வணக்கம் நண்பர்களே, கொஞ்சம் அவசரம். ஜெர்மனிக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. இன்று மாலை வாடகைக் காரை பார்க்கிங்கிலிருந்து பின்னால் எடுக்கும்போது பக்கத்தில் நின்ற காரின் கதவில் உரசிவிட்டேன். பள்ளம் விழவில்லை, ஒரு சாண் நீளத்துக்குப் பெயிண்ட் போயிருக்கிறது. அரை மணி நேரம் நின்று பார்த்தேன், யாரும் வரவில்லை. பெயரும் போன் நம்பரும் எழுதிய சீட்டை வைப்பரில் செருகிவிட்டு அறைக்கு வந்துவிட்டேன்.

வந்து படித்துப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. இங்கே சீட்டு வைத்தால் மட்டும் போதாதாம். காத்திருந்தும் யாரும் வராவிட்டால் உடனே போலீசிடம் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் குற்றவியல் சட்டத்தின் 142ஆம் பிரிவுப்படி விபத்து நடந்த இடத்தை விட்டு ஓடிய குற்றம்; அபராதம் அல்லது 3 ஆண்டு வரை சிறை. ஆனால் பார்க்கிங்கில் நடந்த சின்ன சேதத்தை 24 மணி நேரத்துக்குள் நாமாகவே போய்ச் சொன்னால், நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கும், இல்லையென்றால் விட்டும் விடலாம். எனக்கு அந்தக் கெடு நாளை மாலை வரைதான்.

ஓடும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. அந்தக் கார்க்காரருக்கு நஷ்டம் வரக்கூடாது, அவ்வளவுதான்.

அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்: இந்த இரவிலேயே போலீஸ் அவசர எண் 110க்கு அழைக்கட்டுமா, காலையில் ஸ்டேஷனுக்கு நேரில் போகட்டுமா? ஜெர்மன் தெரியாது, ஆங்கிலத்தில் சமாளிக்க முடியுமா? வாடகை நிறுவனத்துக்கு இன்னும் சொல்லவில்லை. முதலில் யாரிடம் பேசுவது? கீறல், நம்பர் பிளேட் இரண்டையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். தூக்கம் வரவில்லை, எந்நேரமானாலும் பதில் போடுங்கள்.