பேய்க்கு எதற்கு பிளாஷ்பேக்?

கடைசி வரிசை:

'ஈரம்' படத்தைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் பார்த்தேன். (முடிவுகளை வெளிப்படையாகப் பேசப் போகிறேன், பார்க்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.) 2009இல் அறிவழகன் எடுத்த அந்தப் படத்தின் முதல் பாதி, தமிழில் வந்த பேய்ப்பட முதல் பாதிகளில் மிகச் சிறந்தது என்றே இன்றும் நினைக்கிறேன். எல்லோர் வீட்டிலும் இருக்கும் தண்ணீரை, குழாயில் சொட்டுவதையும் தரையில் பரவுவதையும் காட்டியே, பேய் உருவமாக வந்து நிற்காமலேயே நம்மை நடுங்க வைத்துவிடுகிறார்கள். பிறகு பிளாஷ்பேக் வருகிறது. பேயாக வந்திருக்கும் ரம்யாவைச் சந்தேகப்பட்ட கணவனே கொன்றான் என்றும், அவளைப் பற்றிக் கூடாததைப் பேசிய அண்டை வீட்டார்தான் ஒவ்வொருவராகச் சாகிறார்கள் என்றும் தெரிந்துவிடுகிறது. அந்த இடத்தில் என் பயம் வடிந்துவிட்டது. பேய் யாரைக் கொல்லும் என்ற பட்டியல் என் கைக்கு வந்துவிட்டது. அதில் என் பெயர் இல்லை. அதன் பிறகு நான் அந்தப் பேய்க்குக் கைதட்டுகிறவனாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் குறை ஒரு படத்தோடு நிற்பதில்லை. 'காஞ்சனா'வில் நிலத்துக்காகக் கொல்லப்பட்டவர்களின் கதை நெஞ்சைத் தொடுகிறது, சரத்குமார் அருமையாக நடித்திருக்கிறார், ஆனால் அந்தப் பகுதி ஒரு நல்ல குடும்பச் சோகப்படமே தவிர திகில் படமன்று. கொலைகாரனைப் பற்றிய படங்களிலும் இதே பழக்கம்தான். 'சிகப்பு ரோஜாக்கள்', 'மூடுபனி', 'ராட்சசன்' மூன்றிலும் சிறுவயதுக் காயம் ஒன்று எடுத்து நீட்டப்படுகிறது. ஹிட்ச்காக்கே இதில் சறுக்கியவர்தான்: 1960இல் வந்த 'சைக்கோ'வின் முடிவில் ஒரு மனநல மருத்துவர் வந்து நின்று எல்லாவற்றையும் விளக்கி முடிக்கும் வரை நாம் கொட்டாவி விட வேண்டியிருக்கிறது. காரணம் தெரிந்த பிறகு எதற்கு அஞ்சுவது என்பதே என் கேள்வி.

பழையனூரான்:

நண்பர் குறை என்று சொல்வதை நான் மரபு என்று சொல்வேன். நம் ஊரில் காரணம் இல்லாத பேய் எப்போது இருந்தது? தென் மாவட்டங்களில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். கொலையுண்டவர்களும் வஞ்சிக்கப்பட்டவர்களும் தெய்வமாக நின்ற கதைகளைத்தான் அங்கே பெரும்பாலும் பாடுகிறார்கள். கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் கதை மனப்பாடம். அப்படியிருந்தும், பாட்டு அந்தக் கொலையை நெருங்கும்போது சாமியாடிக்கு அருள் வருகிறது, சுற்றி நிற்பவர்களுக்கு மயிர்க்கூச்செறிகிறது. காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்பது உண்மையானால் அந்தக் களத்தில் யாரும் அஞ்சக் கூடாது.

பழையனூர் நீலியை எடுத்துக்கொள்ளுங்கள் (என் பெயருக்கும் அதுதான் காரணம்). கணவனால் கொல்லப்பட்டவள் மறுபிறப்பில் அவனைத் தேடி வருகிறாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் கணவன், என்னைக் கைவிட்டு ஓடுகிறான் என்று ஊர் வேளாளர் எழுபது பேரிடம் அழுகிறாள். அவன் கையில் அவனைக் காக்கும் வாள் இருக்கிறது. அதை வாங்கி வைத்துக்கொண்டு, உன் உயிருக்கு நாங்கள் பிணை என்று சொல்லி, இரவு அவளோடு தங்க அனுப்புகிறார்கள். விடிந்தால் அவன் பிணமாகக் கிடக்கிறான். திருவாலங்காட்டுப் பதிகத்தில் சம்பந்தரே இதைக் குறிப்பிடுகிறார் என்றால் கதையின் வயதைப் பாருங்கள். நாம் இன்றும் 'நீலிக் கண்ணீர்' என்று சொல்வது அந்த அழுகையைத்தான். முன்கதையை எடுத்துவிட்டால் அங்கே எஞ்சுவது ஒரு பெண் ஒருவனைக் கொன்றாள் என்ற செய்தி மட்டும்தான்.

கடைசி வரிசை:

நீங்கள் சொன்ன கதை என் பக்கமே சாய்கிறது ஐயா. நீலியின் கதையில் பிளாஷ்பேக் எங்கே இருக்கிறது? அவள் கொல்லப்பட்டது முதலில் சொல்லப்படுகிறது; அவள் திரும்பி வருவது அதற்குப் பிறகு. கதை கேட்பவனுக்கு அவள் யார் என்று தெரியும், அந்த எழுபது பேருக்குத் தெரியாது, ஆகையால் அவர்கள் வாளை வாங்கி வைக்கும்போது 'கொடுக்காதே' என்று கத்தத் தோன்றுகிறது. ஹிட்ச்காக் 1962இல் பிரெஞ்சு இயக்குநர் துரூஃபோவோடு பேசியபோது சொன்ன மேசைக்கு அடியில் இருக்கும் குண்டு இதுதான். குண்டு இருப்பதைச் சொல்லாமல் வெடிக்கவிட்டால் பார்ப்பவருக்கு 15 நொடி அதிர்ச்சி. முன்பே காட்டிவிட்டு மேசையைச் சுற்றி அமர்ந்தவர்களைச் சாதாரணமாகப் பேச விட்டால் 15 நிமிடப் பதற்றம். நம் இயக்குநர்களோ குண்டு வெடித்து முடிந்த பிறகு அதை யார் வைத்தார்கள் என்று அரை மணி நேரம், நடுவில் ஒரு பாடலோடு, காட்டுகிறார்கள். மலையாளத்தில் வந்த 'மணிச்சித்ரதாழ்' ஏன் இன்றும் அசைக்கிறது? நாகவல்லியின் கதையை முன்பே சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கதையைக் கேட்ட நாயகி கங்கா அதற்குள் மெல்ல மெல்ல இறங்குவதைத்தான் நாம் பார்க்கிறோம். முன்கதையே வேண்டாம் என்று நான் முதலில் எழுதியது சற்று மிகை என்று ஒப்புக்கொள்கிறேன். அது பின்னால் வரும் பழக்கத்தைத்தான் எதிர்க்கிறேன்.

மூன்றாம் மாடி:

நீங்கள் இருவரும் பேய் எங்கே வருகிறது என்பதையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். 'ஈரம்' படத்தில் எனக்குத் தண்ணீரைப் பார்த்து அவ்வளவு பயம் வரவில்லை. பிளாஷ்பேக்கில்தான் வந்தது. நானும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில்தான் இருக்கிறேன்; என் வீட்டுக்கு யார் வருகிறார்கள், எத்தனை மணிக்குப் போகிறார்கள் என்பதைக் கணக்கு வைத்துக்கொள்ளும் கண்கள் படிக்கட்டில் எப்போதும் உண்டு. கணவன் முகத்தில் சந்தேகம் நுழைவதையும், அதற்கு அண்டை வீட்டார் ஒவ்வொருவரும் ஒரு சொல் சேர்ப்பதையும் பார்த்தபோது என் உள்ளங்கை வியர்த்தது. பட்டியலில் உங்கள் பெயர் இல்லை என்று எழுதினீர்கள். கொல்லப்படுகிறவர்களின் பட்டியலில் மட்டும்தான் உங்களைத் தேடிப் பார்த்திருக்கிறீர்கள். ரம்யாவின் இடத்தில் தேடவில்லை. நான் தேடினேன். அது பின்னால் வந்ததால்தான் எனக்கு அப்படித் தாக்கியது என்றும் தோன்றுகிறது, ஏனென்றால் அதுவரை அவளை நானும் வெறும் பேயாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொலைகாரர்களின் பிளாஷ்பேக் பற்றி நீங்கள் சொன்னதை மட்டும் ஏற்கிறேன், காரணம் வேறு. நீங்கள் சொன்ன மூன்று படங்களிலும் அந்தக் காயத்தின் அருகில் ஒரு பெண் நிற்கிறாள். பழி சுமத்தியவளாகவோ, கேலி செய்தவளாகவோ, குடும்பத்தைக் கெடுத்தவளாகவோ. அதன் பிறகு வெட்டப்படுகிறவர்களும் பெண்களே. விளக்கம் என்ற பெயரில் கணக்கு நேராக்கப்படுவதுபோல் இருக்கிறது. அதுவும் 'ராட்சசன்' ஒரு சிறுவனின் உடல் நோயையே அந்தக் கொடூரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது எனக்குச் சரியாகப் படவில்லை, படம் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும்.

பழையனூரான்:

அம்மா, 'ராட்சசன்' பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் மறுப்பில்லை. 'மூடுபனி'யை அந்த வரிசையில் சேர்ப்பதற்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. பாலு மகேந்திரா அந்த மனிதனை நியாயப்படுத்தவில்லை. அவன் சொல்லும் காரணம் அவனுக்கு மட்டுமே காரணமாகத் தெரிகிறது. 'என் இனிய பொன் நிலாவே' பாடலை இன்று வானொலியில் காதல் பாட்டாகவே ஒலிபரப்புகிறார்கள். படத்தில் அதைப் பாடுகிறவன் யார் என்று நினைத்தால் இளையராஜாவின் அந்த இனிமையே அச்சமூட்டும். நமக்கு முன்பே தெரிந்த ஒன்று பாடலைத் திரித்துவிடுகிறது என்பதால், கடைசி வரிசையாரின் குண்டுக் கணக்குக்கும் இது பொருந்தும்.

பின்னால் வரும் முன்கதை எல்லாம் வீண் என்பதையும் நான் ஏற்கவில்லை. 2012இல் வந்த 'பீட்சா' என்ன செய்தது? நாம் நடுங்கிக்கொண்டே பார்த்த பங்களாக் கதை முழுவதும் வைரத்தை மறைக்க நாயகன் கட்டிய பொய் என்று விளக்கிவிட்டு, அப்பாடா என்று நாம் சாயும்போது, உண்மையாகவே அப்படியொரு வீட்டுக்குள் அவனைத் தள்ளிக் கதவைச் சாத்தியது. விளக்கத்தையே பொறியாக வைத்த படம் அது. 'பிசாசு' இன்னும் ஒரு படி மேல். பேயாக வரும் பெண்ணைக் காரால் மோதியது நாயகனே என்ற உண்மை இறுதியில்தான் வருகிறது. அது தெரிந்ததும் அவள் பழிவாங்கத் தொடங்கவில்லை, அவனைக் காப்பாற்றிக்கொண்டே இருந்தாள் என்பது புரிகிறது. தன்னைக் கொன்றவனின் வீட்டில் குடியேறி, அவன் பீர் குடிப்பதைத் தடுக்கும் பேய் வேறெந்த மொழியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை!

கடைசி வரிசை:

'பிசாசு' அழ வைக்கிறது. அதற்காகத்தான் அதை நான் விரும்புகிறேன், திகிலுக்காக அன்று. 'பீட்சா'வை விட்டுக்கொடுக்கிறேன். ரம்யாவின் இடத்தில் என்னைத் தேடவில்லை என்று மூன்றாம் மாடி எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் படிக்கட்டில் நான் பெரும்பாலும் நின்று பார்க்கிறவர்களோடு இருந்திருக்கிறேன் என்பதும் உண்மை.

ஆனால் நீலியின் கதையை பழையனூரான் பாதியில் நிறுத்திவிட்டார். அவன் செத்துக் கிடந்ததோடு அது முடியவில்லை. பிணை நின்ற எழுபது பேரும் கொடுத்த வாக்குக்காகத் தீயில் இறங்கினார்கள். அவர்கள் நீலிக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. அழுதவளை நம்பினார்கள், அவ்வளவுதான். காரணம் முழுவதும் தெரிந்த பிறகும் அந்தக் கதையைக் கேட்டு நான் அஞ்சுவது அந்த எழுபது பேரால்தான். நம் பேய்ப்படங்கள் நீலியிடமிருந்து பழிவாங்கலை எடுத்துக்கொண்டு, இந்த எழுபது பேரை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டன. கெட்டவர்களை மட்டும் சரியாக எண்ணிக் கொன்றுவிட்டு, நல்லவர்கள் மீது ஒரு கீறலும் விழாமல், கண்ணீரோடு விடைபெற்றுப் போகும் பேயைத்தான் நான் குறை சொல்கிறேன்.