மேல்மாடி றேடியேற்றரில் காற்று: பம்பை மாத்தவா, பம்ப் நிக்கிற இடத்தை மாத்தவா?

கேள்வி:
ரொறன்ரோவில பழைய வீடு. பேஸ்மென்ற், கீழ்த்தளம், மேல்மாடி. வார்ப்பிரும்பு றேடியேற்றர்கள், மெயின் 1¼ அங்குலச் செப்புக் குழாய். கேஸ் பொயிலர், கண்டென்சிங் (புகையின்ர நீராவியை ஒடுக்கிச் சூடு எடுக்கிற) வகை இல்லை. பம்ப் ரிட்டேன் குழாயில (ஆறின தண்ணி பொயிலருக்குத் திரும்பிற குழாய்) நிக்குது. எக்ஸ்பான்ஷன் தாங்கி (சூட்டில பெருக்கிற தண்ணிக்கு இடம் குடுக்கிறது, 30ஆம் நம்பர் அளவு) சப்ளையில (சுடுதண்ணி வெளிக்கிடுற குழாய்) தொங்குது. மேல்மாடியில காற்றை எடுத்துவிட்டாலும் கொஞ்ச நாளில திரும்பச் சலசலக்குது. குளிர்ந்திருக்கேக்க கேஜில அழுத்தம் 12 பிஎஸ்ஐ. சூடானால் 28 தாண்டி ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிஞ்சினால் திறக்கிறது) சொட்டுது. பெரிய பம்ப் போட்டால் சரிவருமோ?

பதில் 1:
பெரிய பம்ப் போடாதேங்கோ, காற்று இன்னும் கூடும்.

மூடின சுற்றில தாங்கி சேருற இடத்து அழுத்தத்தைப் பம்பால மாத்தேலாது. பம்ப் தாங்கியைப் பாத்துத் தள்ளினால், முன்னால கூட்ட வழியில்லாமல் உறிஞ்சுற பக்கத்து அழுத்தத்தைக் குறைக்கும். உங்கட வீட்டில அந்தப் பக்கம் முழு றேடியேற்றர் சுற்றும் இருக்கு.

கேஜிலயிருந்து மேல்மாடி றேடியேற்றர் 18 அடி என்டு வையுங்கோ. 2.31 அடிக்கு 1 பிஎஸ்ஐ, ஆக 8 போகும். மேல மிஞ்சிறது 4 தான். 12 அடி ஹெட்டில (பம்ப் தள்ளுற பலத்தைத் தண்ணி உயரத்தில சொல்லுற கணக்கு) ஓடுற பம்ப் 5 பிஎஸ்ஐ வித்தியாசம் உண்டாக்கும். அதில ஒரு பங்கு மேல்மாடியில கழிஞ்சாலே கரைஞ்ச காற்று குமிழா வெளிக்கிடும். பூச்சியத்துக்குக் கீழ போனால் ஓட்டோமற்றிக் வென்ற் (தானாக் காற்றை வெளிய விடுற வால்வு) வெளிக்காற்றை உள்ளுக்கு இழுக்கும்.

வரிசை இப்பிடி வரவேணும்: பொயிலர், ஏர் செப்பரேற்றர் (தண்ணியிலயிருந்து காற்றைப் பிரிக்கிறது), பிறகு பம்ப், பிறகு வீட்டு மெயின். செப்பரேற்றரின்ர அடிவாயில தாங்கி. தண்ணி நிரப்புற குழாயும் அங்கதான் சேரவேணும். பழைய ஸ்கூப் வகைச் செப்பரேற்றர் என்டால் அதுக்கு முன்னால 18 அங்குலம் நேர்க்குழாய் விடுங்கோ, வளைவுக்குப் பக்கத்தில வைச்சால் குமிழ் பிரியாது. பம்பின்ர தண்டு கிடையா இருக்கவேணும், நிமிர்த்தி வைச்சால் பெயரிங் கெதியாத் தேயும். இரண்டு பக்கமும் அடைக்கிற வால்வு போட்டால் பிறகு பம்ப் மாத்தேக்க முழுத் தண்ணியும் வடிக்கத் தேவையில்லை.

பம்பின்ர அளவையும் பாருங்கோ: 20 பாகை ஃபாரன்ஹைற் வித்தியாசத்தில நிமிசத்துக்கு 1 அமெரிக்கக் கலன் ஓடினால் மணிக்கு 10,000 பிடியு (வெப்ப அலகு) கொண்டுபோகும். 80,000 பிடியு வீட்டுக்கு 8 கலன் காணும். 1¼ அங்குலக் குழாய் 14 வரைக்கும் தாங்கும்.

பதில் 2:
ரிலீஃப் சொட்டுறது வேற கதை, பம்பை இடம்மாத்தினால் மட்டும் அது நிக்காது. 10 பாகையிலயிருந்து 80 பாகை செல்சியஸுக்குப் போனால் தண்ணி 2.9 சதவீதம் பெருக்கும். வார்ப்பிரும்பு வீட்டில 220 லீற்றர் தண்ணி இருக்கலாம், அதுக்கு 6.4 லீற்றர் இடம் வேணும். 30ஆம் நம்பர் தாங்கி 16.7 லீற்றர், 12இலயிருந்து 28 பிஎஸ்ஐக்குள்ள அது வாங்கிறது 6.2 தான். 60ஆம் நம்பர் போடுங்கோ, 28.8 லீற்றர், அதே அழுத்தத்துக்குள்ள 6.4ஐ விடக் கூட வாங்கும்.

வாங்க முதல் இப்ப இருக்கிறதைச் சோதியுங்கோ. பொயிலரை நிப்பாட்டி, ஆறவிட்டு, தாங்கிப் பக்கத்துத் தண்ணி அழுத்தத்தை முழுக்க இறக்கிப்போட்டு, காற்று வால்வில டயர் கேஜால பாருங்கோ, 12 காட்டவேணும். அழுத்தம் இறக்காமல் அளந்தால் தண்ணியின்ர அழுத்தத்தைத்தான் காட்டும். காற்று வால்வை அமத்தத் தண்ணி வந்தால் உள் ரப்பர் கிழிஞ்சுபோச்சு. எந்த நிலையிலும் ரிலீஃப் வாயை அடைக்கக் கூடாது, பொயிலருக்கும் அதுக்கும் இடையில வால்வும் கூடாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. குழாய் வெட்டேக்க வேற ஏதும் சேத்துச் செய்யவேணுமோ?

பதில் 3:
பைபாஸ், அதாவது சுடுதண்ணியில ஒரு பங்கைப் பொயிலருக்கே திருப்பிற குறுக்குக் குழாய். வார்ப்பிரும்பில நிக்கிற அவ்வளவு குளிர்தண்ணியும் ஒரேயடியாத் திரும்பி வரும். ரிட்டேன் 55 பாகை செல்சியஸுக்குக் கீழ நீளநேரம் நிண்டால் புகையில இருக்கிற நீராவி பொயிலருக்குள்ளயே ஒடுங்கி, அமிலத்தண்ணி உடலையும் புகைக்குழாயையும் அரிக்கும். பம்புக்குப் பிறகு ஒரு ரீ (மூன்றுவாய் இணைப்பு) போட்டு, மெயின் அளவிலயே குழாயை ரிட்டேனுக்குக் கொண்டுபோங்கோ. பைபாஸில ஒரு வால்வு, அது சேருறதுக்கு முன்னால வீட்டு ரிட்டேனில இன்னொன்று. பொயிலர் வாசலில வெப்பமானி கட்டி, இரண்டையும் மாறிமாறித் திருப்பி 55க்கு மேல கொண்டுவாங்கோ. காசு இருந்தால் தெர்மோஸ்ற்றற்றிக் மூன்றுவழி வால்வுதான் நல்லது; குளிர்காலத்திலயும் இளங்குளிரிலயும் அது தானே சரிபாக்கும். கேஸ் குழாயில கை வைக்கிறதெண்டால் ஒன்ராறியோவில ரிஎஸ்எஸ்ஏ (மாகாணத் தொழினுட்பப் பாதுகாப்பு அமைப்பு) சான்றிதழ் உள்ள ஆளைத்தான் கூப்பிடவேணும்.