முரசு நோயும் மன அழுத்தமும்: துண்டுப்பிரசுரத்துக்கு ஒரு சொல் வேண்டும்

திருமலை உறவுகளே, வணக்கம். உயர்தரப் பரீட்சை மாணவர்களுக்கும் கடற்றொழில் குடும்பங்களுக்குமாக முரசு (பல் ஈறு) நோய் பற்றி ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் எழுதுகிறோம்.

மன அழுத்தம் தனியே முரசைக் கெடுக்காது. மூல காரணம் பல்லோரத்தில் படியும் கிருமிப் படலம்தான். ஆனால் அழுத்தம் நீடித்தால் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் உடலில் கூடி, அந்தக் கிருமிகளுக்கு உடல் காட்டும் எதிர்ப்புக் குழம்பிவிடும். இரவில் பல் தீட்டாமல் படுப்பது, சிகரெட், புகையிலை போட்ட வெற்றிலை எல்லாம் அதோடு சேரும். புகைப்பவர்களுக்கு முரசில் இரத்தம் குறைவாகவே கசியும், அதனால் நோய் வெளியே தெரியாது. இதைக் கட்டாயம் எழுத வேண்டும்! பல்லுக்கும் முரசுக்கும் இடையிலான இடுக்கு 3 மில்லிமீற்றர் வரை வழமையானது. 4 அல்லது அதற்கு மேல் என்றால் சிகிச்சை வேண்டிவரலாம். பரீட்சை நெருக்கத்தில் பல்லிடை முரசு திடீரெனப் புண்ணாகி, கடும் வலியும் நாற்றமும் வந்தால் உடனே பல் வைத்தியரிடம் போக வேண்டும்.

சிக்கல் ஒரு சொல்லில். "மன அழுத்தம்" என்பதை இரத்த அழுத்தமென்று விளங்கிக்கொள்பவர்களும் உண்டு. கிண்ணியா, மூதூர், நிலாவெளி, சம்பூர் பக்கம் வீட்டில் இதற்கு என்ன சொல்வீர்கள்? "யோசனை"யா, "மனப்பாரம்" என்பதா? ஊர்ப் பெயரோடு எழுதி உதவுங்கோ.