கார் எப்போதுதான் வரும்? திகதி மாறிக்கொண்டே இருக்கிறது

கிளிநொச்சியான்: மின்சாரக் காருக்கு விற்பனை நிறுவனத்தில் முற்பணம் கட்டி ஐந்து மாதம். முதலில் சித்திரை என்றார்கள், பிறகு ஆனி, இப்போது கேட்டால் கப்பலில் வருகிறதாம், எந்தக் கப்பல் என்றால் பதிலே இல்லை. அதை நம்பிப் பழைய வானையும் விற்றுவிட்டேன், அம்மாவை வவுனியா கிளினிக்குக் கூட்டிப்போக ஒவ்வொரு முறையும் வாடகை வண்டிதான். பற்றுச்சீட்டை எடுத்துப் பார்த்தால் ஒப்படைக்கும் திகதி என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறது. என்ன செய்யலாம்?

மாங்குளத்தான்: அண்ணை, முதலில் வங்கியில் எல்.சி. (இறக்குமதிக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) திறந்தாச்சா என்று கேளுங்கள். திறக்கவில்லை என்றால் கப்பல் கதையை நம்பவேண்டாம். திறந்திருந்தால் செசி இலக்கம் (வண்டியின் சட்டகத்தில் பொறித்த தனி எண்) கேளுங்கள், கப்பலில் ஏற்றிய வண்டிக்கு அது கட்டாயம் இருக்கும்.

முல்லைக்கரை: 2020இல் இலங்கை அரசு நிறுத்திய தனியார் வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில்தான் திரும்ப விட்டார்கள், அதனால் நெரிசல் வந்தது உண்மை. மின்காருக்கு வரி மோட்டாரின் கிலோவாட்டை (திறனை) பார்த்து என்பதால், அதைச் சரிபார்க்கச் சுங்கத்திலும் சுணங்கலாம். அதற்காக வாய்க்கு வந்த மாதத்தைச் சொல்வதா? கோபமாக வருகிறது. முற்பணம் திரும்பத் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள்.

கிளிநொச்சியான்: சரி தம்பி, திங்கள் காலை கடிதத்தோடு நேரே போகிறேன்.