ஜாக் ரஸ்ஸல் குட்டியை எலி பிடிக்கப் பழக்குவது எப்படி?

பாலக்கோடு பட்டு:
பட்டுப்புழு வளர்ப்பு மனையில் எலித் தொல்லை தாங்கவில்லை, வளர்ந்த புழுவையே தூக்கிக்கொண்டு போகிறது. மருந்து வைக்கவும் பயம். அதனால் ஜாக் ரஸ்ஸல் டெரியர் குட்டி வாங்கினோம், ஐந்து மாதம் ஆகிறது. இப்போதே எலி மேல் விடலாமா?

காரிமங்கலத்தான்:
அவசரம் வேண்டாம்ங்க. பல் விழுந்து முளைக்கிற நேரம் இது, ஆறேழு மாதத்தில்தான் நிரந்தரப் பல் முழுசாக வரும். அதற்குள் பெருச்சாளி மூக்கைக் கடித்துவிட்டால் சில குட்டிகள் அப்புறம் எலி வாசனைக்கே பின்வாங்கும். கூப்பிட்டால் வருவது, ‘விடு’ என்றால் வாயில் இருப்பதை விடுவது, கோழியைத் துரத்தாமல் இருப்பது, இதை முதலில் பழக்குங்கள். துரத்துகிற குணம் அதன் ரத்தத்திலேயே இருக்கிறது.

மாந்தோப்பு கிருஷ்ணகிரி:
லெப்டோ (எலிக்காய்ச்சல்) தடுப்பூசி போட்டாயிற்றா? எலி மூத்திரத்தில் பரவுவது, நாய்க்குக் கல்லீரலும் சிறுநீரகமும் கெடும், நமக்கும் தொற்றும். வருடா வருடம் போட வேண்டும். அப்புறம், பக்கத்துக் காட்டில் என்ன மருந்து வைக்கிறார்கள் என்று கேளுங்கள். புரோமாடியோலோன் என்கிற எலி மருந்தைத் தின்ற எலியை நாய் தின்றால் ரத்தம் உறையாது, ஆனால் சீக்கிரம் கவனித்தால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்றலாம். சிங்க் பாஸ்பைடு என்கிற எலி மருந்துக்கு விஷமுறிவு மருந்தே கிடையாது.

பாலக்கோடு பட்டு:
அங்கே சிங்க் பாஸ்பைடுதான். சரி, பேசிப் பார்க்கிறேன். மனைக்குள் விடலாமா?

காரிமங்கலத்தான்:
புழு இருக்கும்போது கூடவே கூடாது, காலில் ஒட்டிய அழுக்கோடு நோயும் உள்ளே போகும். வெளியே வளைப் பக்கம், கேழ்வரகுத் தாள் போர் பக்கம் விடுங்கள். பழகிய நாய் யாரிடமாவது இருந்தால் கூட விடுங்கள், பார்த்தே கற்றுக்கொள்ளும்.