5க்கு 6 பாத்ரூம், தரையில தண்ணி தேங்குது: 75,000 ரூபாவுக்குள்ள நாமே செய்யலாமா?

கொட்டகலை_வீடு:
உள்ளளவு 5 அடிக்கு 6 அடி. தகரக் கூரை, பழைய கருங்கல் சுவர். தரை சீமெந்து வெடிச்சு, குளிக்கிற மூலையில தண்ணி தேங்குது. சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில தரையிலிருந்து ஓரடி உயரத்துக்கு ஈரம். தரையில தண்ணி வடியுற ட்ரெப்பிலிருந்து நாத்தம் வேற. கொமட் நல்லா இருக்கு, மாத்தப்போறதில்ல. கையில 75,000 ரூபாதான். மேசன் கூலி கொடுக்க முடியாது, ஆனா கலவை போடத் தெரியும். பழைய தரைக்கு மேலேயே டைல் ஒட்டிடலாமா?

மட்டக்கோல்:
ஒட்டாதீங்க. வெடிச்ச தரை அசையும்போது டைலும் அதே கோட்டுல வெடிக்கும். டைலும் பசையுமா அரை அங்குலம் உயரும், வாசப்படியைத் தாண்டி அறைக்குள்ள தண்ணி வரும். பாத்ரூம் தரை அறைத் தரையை விட ஒரு அங்குலமாவது தாழ்ந்திருக்கணும்.

முதல்ல கொமட் வாயைத் துணியால அடைச்சிட்டு, பழைய பூச்சைக் கெட்டித் தரை வரைக்கும் கொத்தி எடுங்க. கொமட் பக்கத்துல சின்ன உளியால மெதுவா. அதோட அடியைச் சுத்தி முடிவு மட்டம் இப்ப இருக்கிறதுக்கு மேல வரக்கூடாது.

சரிவு அடிக்குக் கால் அங்குலம். ட்ரெப்புக்குத் தூரமான மூலை 7 அடின்னா அங்க 1¾ அங்குலம் உயரணும். லெவல் டியூப் (தண்ணி நிரப்பின கண்ணாடிக் குழாய்) பிடிச்சு நாலு சுவர்லயும் கோடு போட்டுக்கிட்டுத்தான் கலவையில கை வைக்கணும். கண் மட்டத்தை நம்பினா திரும்பவும் அதே மூலையிலதான் தண்ணி நிக்கும். ட்ரெப் கிட்ட கலவை ஒரு அங்குலத்துக்குக் குறையக்கூடாது. சல்லடை மூடி டைலை விட 2 மில்லிமீட்டர் தாழ்ந்து உக்காரணும்.

அளவு: சீமெந்து 1க்கு மணல் 4 கலவைன்னா இந்தத் தரைக்கு ஒரு மூட்டை சீமெந்து, 5 கன அடி மணல். சுவர் அடிப்பூச்சுக்கு இன்னொரு மூட்டை வாங்கி வைங்க. பழைய தரையை நல்லா நனைச்சு, சீமெந்துப் பால் (தண்ணியில கரைச்ச சீமெந்து) பூசி, அது காயுறதுக்குள்ள கலவையைப் போடுங்க. பால் காஞ்சுட்டா ஒட்டாது, தட்டினா பொள்ளுன்னு சத்தம் கேக்கும்.

தேயிலைக்கொழுந்து:
தரைக் கலவையிலேயே வாட்டர்ப்ரூஃப் திரவம் ஊத்திட்டா செலவு மிச்சம் தானே அண்ணே?

மட்டக்கோல்:
அது கலவை தண்ணி உறிஞ்சுறதைக் குறைக்கும், அவ்வளவுதான். தரையும் சுவரும் சேருற மூலையில முடி அளவு வெடிப்பு விழுந்தா அதை மூடாது. இவங்க வீட்டுல பின் அறைக்கு ஈரம் போறது அநேகமா அந்த மூலை வழியாத்தான். தூளும் திரவமும் தனித்தனியா வர்ற ரெண்டு பாகப் பூச்சு வாங்குங்க. தரை முழுக்க, சுத்திவர அரை அடி, குளிக்கிற மூலையில ரெண்டு சுவர்லயும் 6 அடி உயரத்துக்கு, மொத்தம் 7 சதுர மீட்டர் கிட்ட வரும். ரெண்டு கைக்கு, அதாவது ரெண்டு தடவை பூச, 12 கிலோ போல பிடிக்கும், பெட்டியில போட்டிருக்கிற அளவையும் பாருங்க. மூலையில நார் வலைப் பட்டி வெச்சுப் பூசணும். முதல் கை நீளவாக்குல, ரெண்டாவது குறுக்குவாக்குல.

ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் நடுவில விடுற இடைவெளிதான் நம்ம மலைப் பக்கத்துல பலரும் விடுற பிழை. பெட்டியில சில மணி நேரம்னு இருக்கிறது சூடான ஊருக்கு. 10 பாகைக்குக் கீழ குளிர் இறங்கினா சீமெந்து இறுகுறது ரொம்ப மெதுவாகும். ஒரு ராத்திரி விட்டு அடுத்த கை போடுங்க. தரைக் கலவையையும் பொலித்தீன் போட்டு மூடி ஏழு நாள் ஈரமா வைக்கணும். மூடுபனி இருக்கேன்னு விட்டா காத்துல மேல்பரப்பு காஞ்சு தூளாகும். மே முதல் செப்டெம்பர் வரை அடைமழையில தொடங்காம, தை, மாசியில செய்யுங்க.

பூச்சு காஞ்ச பிறகு, மூணு நாளாவது போகட்டும், ட்ரெப்பை அடைச்சு ரெண்டு அங்குலம் தண்ணி கட்டி 24 மணி நேரம் விடுங்க. பின் அறைச் சுவரைத் தொட்டுப் பாருங்க. அதுக்கு முன்னால ஒரு டைலும் ஒட்டக்கூடாது.

பீலிக்கரை:
டைல்ல மிச்சம் பிடிக்கலாம் அக்கா. தரை 30 சதுர அடி, குளிக்கிற மூலை ரெண்டு பக்கமும் 3 அடி அகலம் 6 அடி உயரம், அது 36. மத்த இடத்துல அரை அடிப் பட்டி மட்டும், ஒரு 7. உடைஞ்சதுக்கும் வெட்டுறதுக்கும் சேர்த்து 80 சதுர அடி எடுங்க. மிச்சச் சுவர் பூச்சும் பெயின்டும் போதும். தரைக்கு 8 அங்குல டைல் நல்லது, பெரிசு சரிவுக்கு வளைஞ்சு கொடுக்காது. பசை 25 கிலோ மூட்டை ரெண்டு போதும், பல் கரண்டியால இழுத்து முழுப்பரப்புல பூசுங்க. அஞ்சு உருண்டை வெச்சு அமுக்குறது வேணாம், இடையில தண்ணி தங்கும்.

நாத்தத்துக்கு ட்ரெப்பைக் கழட்டிப் பாருங்க. உள்ள ரெண்டு அங்குலம் தண்ணி நிக்கணும். மணி மாதிரி மூடியை எடுத்துட்டாங்கன்னா அடைப்பே இல்லாம நாத்தம் நேரா மேல வரும்.

கொட்டகலை_வீடு:
நன்றி அண்ணே, நன்றி தம்பி. பிறகு ஹொட் ஷவர் போட நினைக்கிறேன். இப்பவே ஏதாவது செஞ்சு வைக்கணுமா?

பியூஸ்_கட்டை:
டைல் ஒட்டுறதுக்கு முன்னால சுவருக்குள்ள வயர் குழாய் மட்டும் பதிச்சு வைங்க. 3.5 கிலோவாட் ஷவர் 230 வோல்ட்டுல 15 அம்பியர் எடுக்கும், 5.5ன்னா 24 அம்பியர். இருக்கிற பிளக் லைன்ல இருந்து இழுக்கவே கூடாது. மெயின் போர்டுல இருந்து தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் வயர், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச், நல்ல எர்த். இந்த இணைப்பை மட்டும் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன்கிட்ட கொடுங்க, இதுல மிச்சம் பிடிக்காதீங்க. தண்ணி பீலியிலிருந்து (மலை ஊற்று) வந்தா, தாங்கி ஷவர் தலைக்கு எவ்வளவு மேல இருக்குன்னு அளங்க. ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 பார் அழுத்தம்தான். ஹீட்டர் பெட்டியில இருக்கிற குறைந்த அழுத்தத்தோட ஒப்பிட்டுட்டு வாங்குங்க.

பீலிக்கரை:
இன்னொண்ணு. குளிக்கிற தண்ணியை வெளிய 63 மில்லிமீட்டர் பைப்புல கான் (வடிகால்) வரைக்கும் கொண்டுபோய் விடுங்க. வீட்டுக்குப் பின்னால சரிவு மண்ணுல திறந்து விட்டா, மண் ஊறி ஊறி மழைக்காலத்துல அந்தக் கரையே இறங்கும்.